விற்றமின் டி போத்தலும் அம்மம்மாவின்ர சீனியும்

வெளிநாட்டிலயிருந்து வாற பார்சல்களில் இப்ப சொக்லேட்டோட விற்றமின் டி போத்தலும் வருது. "இந்தக் குளிசையைப் போட்டா சீனி குறையுமாம்" எண்ட கதை வட்ஸ்அப்பில் அதுக்கு முன்னமே வந்து சேர்ந்திடுது. சீனி வருத்தம் இல்லாத வயதானவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய எங்கட ஊர்களில், இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

கதை முழுப் பொய் இல்லை. சீனி வருத்தம் உள்ள பலருக்கு விற்றமின் டி குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் இரண்டும் சேர்ந்து இருக்குது எண்டதுக்காக ஒன்றுதான் மற்றதை உண்டாக்குது எண்டு சொல்ல ஏலாது. முழங்கால் நோவால் வீட்டுக்குள்ளேயே கிடக்கிற ஒருவரை யோசிச்சுப் பாருங்கோ. வெயில் படாததால் விற்றமின் டி குறையும். நடக்காததால் சீனி கூடும். வயது போகப் போக, வெயிலில் விற்றமினை உண்டாக்கும் தோலின் திறனும் குறைந்து கொண்டே போகும். அப்படியெண்டால் குறைந்த விற்றமின், அவர் வெளியில் போகாமல் இருக்கிறதுக்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

இதைச் சோதிக்க அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது; முடிவு 2019இல் வந்தது. சீனி வருத்தத்தின் விளிம்பில் இருந்த 2423 பேரில் பாதிப்பேருக்கு நாளுக்கு 4000 அலகு விற்றமின் டி, மற்றவர்களுக்கு வெறும் குளிசை. ஏறக்குறைய இரண்டரை வருடத்தில் விற்றமின் எடுத்தவர்களில் 293 பேருக்கும் மற்றப் பக்கத்தில் 323 பேருக்கும் வருத்தம் வந்தது. உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. அதில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே விற்றமின் டி போதியளவு இருந்தது எண்டதையும் சொல்லத்தான் வேணும். பிறகு 2023இல் இப்படியான மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிறிய நன்மை தெரிந்தது. ஆனால் அதுவும் விளிம்பில் நிற்கிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே கிளினிக் கொப்பியோட திரியிற அம்மம்மாவுக்கு மெட்போர்மினுக்குப் பதிலாக இது எண்டு எந்த ஆய்வும் சொல்லேல்லை.

எங்கட பயமும் அங்கதான். போத்தல் வந்த தைரியத்தில் கிளினிக் குளிசையைக் குறைக்கிறவை இருக்கினம். விற்றமின் டி கொழுப்பில் கரையிற சாமான். மிஞ்சினது உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் இரத்தத்தில் கல்சியம் கூடி, சிறுநீரகத்தைப் பாதிக்கும். சீனியால் ஏற்கெனவே களைச்சுப்போன சிறுநீரகத்துக்கு அது தேவையில்லாத சுமை.

விற்றமின் டி வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. எலும்புக்கு அது கட்டாயம் வேணும். குறைவு எண்டு டொக்டர் சொன்னால் அவர் சொன்ன அளவில் எடுக்கட்டும். ஆனால் தனியார் ஆய்வுகூடத்தில் விற்றமின் பார்க்கிற காசுக்கு முதலில், கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் நிலையைச் சொல்லும் எச்பிஏ1சி பார்க்கலாம்.

சாப்பிட்டபின் பத்து நிமிசம் நடந்தாலே சீனி இறங்க உதவும். ஆனால் எங்கட வீதியளில் நடைபாதை இல்லை, நாய்த்தொல்லை, மோட்டார் சைக்கிள் பயம். தனியப் போக வயதானவை பயப்பிடுகினம், அது நியாயம். அவையளோட கூட நடக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நாங்களாக இருக்கலாம். போத்தல் அனுப்புகிற சொந்தக்காரரிட்டயும் ஒன்று கேட்போம்: அடுத்த பார்சலில் நல்ல நடைச் சப்பாத்து ஒரு சோடி அனுப்புங்கோ.