"கேஸ்" என்று சொல்லி அனுப்பிவிடலாமா?

"நெஞ்சைப் பிசையுதா? வாயுவா இருக்கும். ஒரு சோடா குடிங்க, சரியாயிடும்!"

கடைத்தெருவிலும் ஆபீசிலும் அன்றாடம் கேட்கிற பேச்சு இது. பலருக்கு அது வாயுவாகவே இருக்கலாம். சிலருக்கோ அதுதான் மாரடைப்பின் முதல் எச்சரிக்கை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. சோதனை வேண்டும்.

முதல் சோதனை ஈ.சி.ஜி. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பது இருதய மருத்துவ விதி. அதில் பெரிய மாரடைப்பு என்று பளிச்சென்று தெரிந்துவிட்டால், வேறு படங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியோ, பலூன் சிகிச்சையோ உடனே நடக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது!

நார்மலா?

முதல் ஈ.சி.ஜி. "நார்மல்" என்று வரும்போதுதான் சிக்கலே. மாரடைப்பு இருந்தும் அதில் தெரியாமல் போவது உண்டு. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், வியர்வை, வாந்தி என்று வேறு வேஷத்தில் வருவதும் உண்டு. "ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போங்க" என்று ஒரே தாளைப் பார்த்து அனுப்புவது விபரீதம்.

இங்கேதான் "எக்கோ" கைகொடுக்கிறது. சுவீடன் நாட்டின் டாக்டர் எட்லரும் விஞ்ஞானி ஹெர்ட்சும் 1953-ல் தொடங்கிவைத்த முறை இது. ஊசி கிடையாது, எக்ஸ்ரே கதிரும் கிடையாது. ரத்தம் போகாத இடத்தில் இருதயச் சுவர் சரியாக அசையாது. அது திரையில் தெரிந்துவிடும்.

எக்கோவும் கடைசித் தீர்ப்பு அல்ல. சின்ன பாதிப்பு தப்பிவிடலாம். பழைய மாரடைப்பின் தழும்பு புதிதுபோல் தோன்றலாம். ஆகவே மறுபடியும் ஈ.சி.ஜி., "ட்ரோபோனின்" ரத்தச் சோதனை இரண்டும் கட்டாயம். அப்போதும் சந்தேகம் தீராதவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் இருக்கிறது.

ராத்திரி 2 மணிக்கு?

மாரடைப்பு ஆபீஸ் நேரம் பார்த்து வருவதில்லை. மெஷின் இருந்தும் எக்கோ அறை இரவில் பூட்டிக் கிடந்தால் என்ன பிரயோஜனம்? அவசரப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் டாக்டர்களுக்கே எக்கோ பார்க்கப் பயிற்சி தர வேண்டும். அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் இது பொருந்தும்.

மக்களுக்கும் பொறுப்பு உண்டு. நெஞ்சில் அழுத்தம் வந்தால் பஸ்ஸைப் பிடிக்கவோ, ஸ்கூட்டரை உதைக்கவோ வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். "இரண்டாவது ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், இருங்கள்" என்று டாக்டர் சொன்னால், பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று முணுமுணுக்காமல் இருங்கள்.

வாயுவாக இருந்தால் நாளைக்கும் வைத்தியம் பார்க்கலாம். மாரடைப்பு நாளை வரை காத்திருக்காது!