கிளம்பாத ஸ்பிரேயரும் கேட்காத மருந்தும்

மக்காச்சோளம் முளைத்து இரண்டு வாரம் ஆகிறது. இலைகளில் சுரண்டிய வெள்ளைத் தழும்புகள் தெரிகின்றன. படைப்புழு வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்கு மருந்தைக் கலக்கி, பேட்டரி ஸ்பிரேயரை முதுகில் மாட்டி, சுவிட்சைப் போடுகிறீர்கள். சத்தமே இல்லை. அந்த வேளையில் டவுனில் மெக்கானிக் கடை திறந்திருந்தாலும், போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். கலக்கிய மருந்தை மறுநாளுக்கு வைத்திருக்கவும் முடியாது.

2018-ல் நம் நாட்டுக்குள் வந்த இந்தப் புழு, சின்னதாக இருக்கும்போது இலையின் மேல் இருக்கும். வளர்ந்தபின் குருத்துக்குள் இறங்கித் தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். அப்புறம் எந்த மருந்தும் உள்ளே எட்டாது. ஆகவே ஒரு ஸ்பிரேயர் மூன்று நாள் படுத்துக்கொண்டால் அது வெறும் இயந்திரக் கோளாறு அல்ல, விளைச்சல் விவகாரம். உழவியல் படித்தவன் ஃபியூஸைப் பற்றி எழுத அதுவே காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்பாத பேட்டரி ஸ்பிரேயர்களில் பெரும்பாலானவை செத்துப்போனவை அல்ல. உள்ளே இருப்பது ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்ச், சின்ன மோட்டாருடன் சேர்ந்த பம்ப், அழுத்தம் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஒரு பிரஷர் சுவிட்ச், இவ்வளவுதான். மோட்டார் பம்ப்செட்டையே கழற்றி மாட்டும் நம் விவசாயிக்கு இது பெரிய வித்தை இல்லை. அதை விற்பவர்கள் சொல்லித் தருவதில்லை என்பதுதான் குறை.

முதலில் பேட்டரி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.4 வோல்ட் காட்டும். 'பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மோட்டார் போச்சு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பக் கூடாது. பளுவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மலிவான வழி, இருசக்கர வாகனத்தின் பழைய 12 வோல்ட், 35 வாட் ஹெட்லைட் பல்ப். அதை பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். ஸ்பிரேயர் மோட்டாரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இழுக்கும். நல்ல பேட்டரி என்றால் சில நிமிடங்களுக்குப் பிறகும் 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஓரிரு நிமிடத்தில் 10.5-க்குக் கீழே சரிந்தால், ஒன்று சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி இன்னொரு முறை பாருங்கள். மறுபடியும் சரிந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்.

சார்ஜரை மாட்டிய உடனே பச்சை விளக்கு எரிந்தால் நிரம்பிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். நேற்று மாலை வரை அடித்த பேட்டரி ஒரு நிமிடத்தில் எப்படி நிரம்பும்? பேட்டரி மின்சாரத்தை வாங்கவில்லை என்று அர்த்தம். வயர் விட்டிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது உள்தகடுகளில் சல்பேட் படிந்து இறுகியிருக்கலாம்.

ஃபியூஸ், டேங்கின் அடிமூடியைக் கழற்றினால் பேட்டரி வயரிலேயே இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். செம்புக் கம்பியை முறுக்கி வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். முதுகில் மருந்தும் ஈரமுமாக இருக்கும் ஒரு பெட்டியில் வயர் உருகுவதை யோசித்துப் பாருங்கள். மாற்றிய ஃபியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது பம்ப் இறுகியிருக்கிறது.

அடுத்தது டெர்மினல். காப்பர் ஆக்ஸிகுளோரைடு, போர்டோ கலவை அடிப்பவர்களின் ஸ்பிரேயரில் இணைப்புகள் சீக்கிரம் அரித்துப் பச்சை பூத்துவிடும். உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து, கொஞ்சம் வாசலின் தடவி இறுக்கினாலே பல ஸ்பிரேயர்கள் கிளம்பிவிடுகின்றன. இதைச் செய்யும் முன் கையுறை போடுங்கள். டேங்கை மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசிவிட்டுக் கழற்றுங்கள். நாசிலை வாயால் ஊதும் வேலையை இனியாவது விட்டுவிடுவோம்.

இவ்வளவுக்குப் பிறகும் மோட்டார் அசையவில்லை என்றால், பைக்கில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பிளஸ், மைனஸ் மாறாமல் மோட்டார் வயருக்கு நேராகக் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் கோளாறு சுவிட்சிலோ வேகம் மாற்றும் திருகிலோ இருக்கிறது. அப்போதும் ஓடாவிட்டால்தான் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும்.

மோட்டார் ஓடி ஓடி நிற்கிறதா? அது பெரும்பாலும் மின்கோளாறே அல்ல. நாசில் அடைத்திருக்கிறது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடி, பிரஷர் சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது. மோட்டார் உறுமியும் தண்ணீர் வரவில்லை என்றால் பம்பின் வால்வில் ஏதோ ஒட்டியிருக்கிறது. பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் அடிக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் ஊற்றினால் இயற்கை இடுபொருளும் இயந்திரத்தைக் கொல்லும்.

கிளம்பாத ஸ்பிரேயரைவிடப் பாதி உயிரோடு ஓடும் ஸ்பிரேயரால் வரும் நஷ்டம் அதிகம் என்பேன். பேட்டரி தளர்ந்தால் அழுத்தம் குறையும். துளிகள் பெரிதாகி இலையில் நிற்காமல் உருண்டு தரையில் விழும். வயலின் முதல் பாதிக்கு ஒரு அளவு, கடைசிப் பாதிக்கு ஒரு அளவு மருந்து போய்ச் சேரும். பத்து நாள் கழித்து, 'மருந்து கேக்கலை சார்' என்று வந்து நிற்பார்கள். கடைக்காரர் இன்னும் வீரியமான மருந்தை எடுத்துக் கொடுப்பார். தப்பு மருந்தில் இல்லை என்று அந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை.

பேட்டரியைக் கொல்வது வேலை அல்ல, ஓய்வு. மார்கழியில் கடைசி மருந்து அடித்துவிட்டு, பாதி தீர்ந்த பேட்டரியோடு பரணில் ஏற்றிவிடுகிறோம், ஆடியில்தான் இறக்குகிறோம். ஈய அமில பேட்டரியை அப்படித் தீர்ந்த நிலையில் கிடக்க விட்டால் சல்பேட் இறுகிச் செத்துப்போகும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்ற வேண்டும். லித்தியம் பேட்டரி இதற்கு நேர்மாறு; பாதி சார்ஜில், தகரக் கொட்டகைக்குள் இல்லாமல் குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. வெயிலில் அடித்து வந்த சூட்டோடு சார்ஜ் போட்டால் பல லித்தியம் பேட்டரிகள் வாங்காது. நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சார்ஜரை மாற்றி மாட்டவும் கூடாது. மூன்று செல் லித்தியம் பேட்டரி 12.6 வோல்ட்டில் நிரம்பிவிடும். ஈய அமில சார்ஜர் 14 வோல்ட்டைத் தாண்டித் தள்ளும். தீப்பிடிக்கும் ஆபத்து அது.

தென்னந்தோப்புகளில் இப்போது பரவும் பேட்டரி புல்வெட்டிகளுக்கும் இதே வரிசைதான். கூடுதலாக ஒன்று. அவற்றில் பாதுகாப்புப் பொத்தானையும் டிரிகரையும் சேர்த்து அழுத்தினால்தான் ஓடும். தண்டில் புல் சுற்றிக்கொண்டால் பளு தாங்காமல் தானே நின்றுவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் பிளேடில் கை வைக்க வேண்டும்.

மானியத்தில் இயந்திரம் கொடுப்பதில் நாம் காட்டும் வேகம், அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று. அந்தப் பேச்சு டிராக்டரோடு நின்றுவிடக் கூடாது. முதுகில் சுமக்கும் கருவிக்கும் தமிழில் ஒரு பக்க வயரிங் படம், ஃபியூஸ், பம்ப் வால்வு, பிரஷர் சுவிட்ச் ஆகியவை உள்ளூரில் கிடைக்கும் என்ற உறுதி, இந்த இரண்டும் இல்லாத மாடலுக்கு மானியம் கொடுக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு. வட்டாரத்தில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு டப்பா ஃபியூஸும் வைக்க எவ்வளவு செலவாகும்? பக்கத்து ஐடிஐ மாணவர்களைப் பட்டத்துக்கு முன் ஒரு நாள் அழைத்து ஊர் ஸ்பிரேயர்களை எல்லாம் பார்த்துவிடச் சொல்லலாமே.

அதுவரை, வாங்கும்போது நீங்களே கேளுங்கள். விலையைப் பேசி முடிக்கும் முன் அடிமூடியைக் கழற்றி ஃபியூஸ் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். பம்ப் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். பழைய பேட்டரியைத் திரும்ப எடுப்பார்களா என்றும் கேளுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. வாய்க்கால் ஓரம் உடைந்து கிடக்கும் பேட்டரியின் ஈயமும் அமிலமும் கடைசியில் வந்து சேருவது நம் மண்ணில்தான்.