புலிக்குப் பக்கத்தில் அட்டை, கூண்டுக்குள் குளியாள்

தூத்துக்குடியில் ஒரு கருத்தரங்கு. எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. உலகமயமும் சுற்றுச்சூழலும் என்று தலைப்பு. ஒருவர் உலக வர்த்தக நிறுவனம் கடலைத் தின்கிறது என்றார். இன்னொருவர் சர்வதேசச் சூழல் ஒப்பந்தங்கள் மட்டுந்தான் கடலைக் காப்பாற்றும் என்றார். வணிகமா சூழலா என்று இரண்டு தரப்பாகப் பிரிந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வாதம் நடந்தது. புன்னைக்காயலிலிருந்து என்னோடு வந்திருந்த பெரியவர், சங்கும் அட்டையும் குளித்தே கிழவரானவர், கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்து சொன்னார்: "தம்பி, ரெண்டு பேரும் கடலப் பத்தித்தான் பேசுதாவ. கடல்ல எறங்குதவனப் பத்தி ஒருத்தரும் பேசலியே."

பஸ் ஏறும்வரை நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த இரண்டு தரப்பு என்பதே முதலில் பொய். சைட்டீஸ் என்கிற ஒப்பந்தம் 1973இல் வாஷிங்டனில் உருவானது, 1976இல் இந்தியா சேர்ந்தது. அழிந்துபோகும் உயிர்களைக் காக்க வந்த சூழல் ஒப்பந்தம்தான். ஆனால் அதன் கையிலிருக்கும் ஆயுதம் வர்த்தகம்: இந்த உயிரை விற்காதே, அந்த உயிரை அனுமதிச் சீட்டோடு விற்றுக்கொள். மறுபக்கம், நமக்கு முந்திய தோழர்கள் 'டங்கல் திட்டம்' என்று சுவரில் எழுதி எதிர்த்த காட் ஒப்பந்தம். 1995இல் அது உலக வர்த்தக நிறுவனமாக ஜெனிவாவில் உட்கார்ந்துகொண்டது. அதன் 20ஆவது பிரிவு என்ன சொல்கிறது? தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தைக் காக்க ஒரு நாடு வர்த்தகத்தைத் தடுக்கலாம். ஆனால் அந்தத் தடை தன்னிச்சையான, நியாயப்படுத்த முடியாத பாகுபாடாக இருக்கக்கூடாது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கிறது. இதில் எது பெரிது என்று தீர்த்துவிடலாம் என 2001 நவம்பரில் தோஹாவில் கூடிய மந்திரிகள் தங்கள் அறிக்கையின் 31ஆவது பத்தியில் ஒரு பேச்சுவார்த்தையைத் தொடங்கிவைத்தார்கள். அது முடியவே இல்லை. முடியாமல் போனதால் அவர்களில் யாருடைய வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

இங்கே அணைந்தது. அதே 2001ஆம் வருஷம் ஜூலையில், மத்திய சுற்றுச்சூழல் வனத்துறை அமைச்சகம் கடலட்டை அத்தனையையும் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலி இருக்கிற பட்டியல். ஒரு வகை, இரண்டு வகை இல்லை, எல்லா அட்டையும். கையில் அட்டையோடு பிடிபட்டவனுக்கு மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. எங்கள் தெருப் பையன் ஒருவன் சாக்கில் இருபது அட்டையோடு கரையில் பிடிபட்டான். வலையில் விழுந்தது என்றான் அவன். குளித்து எடுத்தது என்றார்கள் அவர்கள். எதுவாக இருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். ஆறு வருஷம் வாய்தாவுக்கு நடந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் தொழில் போச்சு, பஸ் காசு போச்சு, வக்கீல் காசு போச்சு. கடைசியில் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில், "கேஸ் உள்ள பையனா?" என்று கேட்டார்கள். புலி கொன்றவனா என்று கேட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

எந்தச் சர்வதேச ஒப்பந்தம் இப்படிச் செய்யச் சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. 2001இல் சைட்டீஸ் பட்டியல் எதிலும் ஒரு அட்டைகூடக் கிடையாது. 2019 மாநாட்டில்தான் மூன்று வகைகளை இரண்டாம் பட்டியலில் சேர்க்க முடிவெடுத்தார்கள், 2022இல் இன்னும் மூன்று. இரண்டாம் பட்டியல் என்றால் தடை இல்லை. எடுப்பதால் இனம் அழியாது என்று அந்த நாட்டு விஞ்ஞானிகள் சொன்னால் சீட்டு வாங்கி விற்கலாம். நம் வளைகுடாவில் அதிகம் எடுத்த வெள்ளை அட்டை அந்த ஆறு வகைக்குள் இல்லவே இல்லை. ஒப்பந்தம் கேட்காத தண்டனையை ஒப்பந்தத்தின் பேரால் கொடுப்பது நம் தேசத்துக்கே உரிய பெருந்தன்மை.

அட்டை குறைந்ததா என்றால், குறைந்தது. குளித்தவர்களே சொல்கிறார்கள். பெரியவர் சின்ன வயதில் முழங்கால் தண்ணீரில் குனிந்து பொறுக்கிய இடத்தில் பிறகு ஆறு பாகம், எட்டுப் பாகம் இறங்க வேண்டியிருந்தது. ஆனால் குறைத்தவன் யார்? மூச்சடக்கி இறங்கி, கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கையால் எடுக்கிறவனா, கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவைமடியா? இழுவைமடிக்கு முதல் பட்டியல் கிடையாது. அளவு வைத்துப் பிடிக்கலாம் என்கிற யோசனையும் புதிதில்லை. பதப்படுத்திய அட்டை 75 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் ஏற்றுமதி கூடாது என்று 1982இலேயே இதே அரசு விதி போட்டிருக்கிறது. அந்த விதியைக் கரையில் நின்று அமல்படுத்துவது சிரமம். மொத்தமாகத் தடை என்று தில்லியில் எழுதுவது சுலபம்.

இப்போது ஜெனிவாவுக்குப் போவோம். அங்கே இதே இந்திய அரசு என்ன பேசியது என்று நம் கருத்தரங்குக்காரர்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

இறால் பிடிக்கும் மடியில் கடலாமை சிக்கிச் சாகிறது, அதனால் ஆமை தப்பிக்கும் கருவி மாட்டாத நாட்டு இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா 1989இல் சட்டம் போட்டது. 1996 மே முதல் அதை உலகம் முழுக்க நீட்டியது. அந்த அக்டோபரில் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் சேர்ந்து உலக வர்த்தக நிறுவனத்தில் புகார் வைத்தன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. ஆமையைக் காப்பது நியாயமான நோக்கம்தான் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் அமெரிக்கா செய்த விதம் தவறு என்றது. என்ன தவறு? சில நாடுகளோடு உட்கார்ந்து பேசியது, மற்றவர்களோடு பேசவில்லை. கரீபியன் பக்கத்து 14 நாடுகளுக்கு மூன்று வருஷ அவகாசம், நமக்கு நான்கே மாதம். ஒவ்வொரு கடலின் நிலைமையையும் பாராமல் எல்லாருக்கும் ஒரே அளவுகோல். மறுக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பில்லை, எழுத்தில் காரணம் இல்லை, மேல்முறையீடு இல்லை. இது தன்னிச்சையான பாகுபாடு. பிறகு அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக்கொண்டது. மலேசியா மறுபடியும் கேட்டபோது, திருத்தியது போதும் என்று மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது. அது எந்த வருஷம் தெரியுமா? 2001 அக்டோபர். புன்னைக்காயல் குளியாளின் தொழில் குற்றமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்தக் குற்றப்பட்டியலை அப்படியே எடுத்து இந்தக் கரையில் வைத்துப் பாருங்கள். உட்கார்ந்து பேசினார்களா? பேசவில்லை. அவகாசம் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. லட்சத்தீவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும், அழிந்த வகைக்கும் அழியாத வகைக்கும் ஒரே அளவுகோல்தானே? ஆமாம். காரணம் எழுதிக் கொடுத்து, எங்கள் பக்கத்தைக் கேட்டு, மேல்முறையீடு வைத்தார்களா? குளியாளுக்குத் தெரிந்த ஒரே மேல்முறையீடு ஜாமீன் மனுதான். அமெரிக்கா நமக்குச் செய்தது அநியாயம் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு வாதாடியவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து அதே அநியாயத்தை நமக்குச் செய்தார்கள். தேசம் என்றால் பாகுபாடு, குளியாள் என்றால் பாதுகாப்பு!

அதே 2001 அறிவிப்பில் சுறா, திருக்கை இனங்களையும் மொத்தமாகத்தான் சேர்த்தார்கள். நாட்டின் இரு கரையிலும் சத்தம் எழுந்தது. டிசம்பரில் சில வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவித்தார்கள். ஆக, திருத்தத் தெரியாமல் இல்லை. சுறாவுக்குப் பின்னால் விசைப்படகும் ஏற்றுமதிக் கம்பெனியும் நின்றன. அட்டைக்குப் பின்னால் நின்றவன் இடுப்புத் துணியோடு நின்றான். அதோடு இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் அட்டையை யாரும் தின்பதில்லை. சீனத்துக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சரக்கு. சங்கையும் இதே ஆள்தான், இதே பாரில்தான் குளித்து எடுக்கிறான். சங்கு கோயிலுக்கு வேண்டும், வங்காளத்துக் கல்யாணப் பெண்ணின் கைக்கு வளையலாக வேண்டும். அதனால் அதற்கு லைசென்ஸ் இருக்கிறது. புனிதமான பொருளுக்கு அனுமதி, புனிதமில்லாத பொருளுக்குச் சிறை. சூழல் விஞ்ஞானம் என்று இதற்குப் பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குளிப்பவர்கள் யார்? பரதவர், முஸ்லிம்கள், கடையர். சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்ட கடையர் அட்டவணைச் சாதிப் பட்டியலில் இருப்பவர்கள். 2021இல் ஏழு சாதிகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரு பெயருக்குள் கொண்டுவந்த சட்டத்தில் கடையர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டிருக்கிறார்கள்: திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலோரம் நீங்கலாக. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். நான் பார்ப்பது அந்த அடைப்புக்குறியை. சாதியை எழுதும்போது மாவட்டம் மாவட்டமாகக் கரையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த பாராளுமன்றத்துக்கு, அட்டையை எழுதும்போது மட்டும் ஒரு அடைப்புக்குறி கிடைக்கவில்லை.

எம்.ஏ. வகுப்பில் புன்னைக்காயல் என்றால் அன்றிக் அடிகளார், தமிழ் அச்சு, போர்ச்சுக்கீசியர் என்று குறிப்பெடுத்தேன். முத்துக்குளித்தவன் பரீட்சைக்கு வரவில்லை. பாண்டியன், போர்ச்சுக்கீசியன், டச்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று முத்துச்சிப்பியில் பங்கு கேட்டவர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். 1961இல் கடைசியாக முத்துக் குளித்ததோடு அதுவும் நின்றது. பங்கு கேட்டவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது, சரக்கு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள்.

ஆமை விவகாரத்தின் மறுபாதியை நம் ஆட்கள் இன்னும் சரியாகப் பேசவில்லை. அமெரிக்கச் சட்டம் கடல் இறாலைத்தான் தடுத்தது. பண்ணை இறாலுக்கு விலக்கு. ஆமையைக் காப்பாற்றிய கையே குளத்து இறாலுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்தக் குளங்கள் எங்கே வெட்டப்பட்டன? நாகப்பட்டினம் பக்கம் தலித் கூலிகள் நாற்று நட்ட வயல்களிலும், அவர்கள் குடித்த கிணறுகளின் ஓரத்திலும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கிற இறால் பண்ணைகளை இடிக்க வேண்டும், வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருஷச் சம்பளத்தை நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11இல் தீர்ப்புச் சொன்னது. இறாலுக்காக ஜெனிவாவில் புகார் கொடுத்து இரண்டே மாதம்! அப்புறம் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழி செய்து கொடுத்தார்கள். இறால் முதலாளிக்குத் தடை வந்தால் பாராளுமன்றம் கூடுகிறது.

எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கையில் அட்டை தொழில். லைசென்ஸ் உண்டு, பண்ணை உண்டு, ஏற்றுமதி உண்டு. இங்கே திருட்டுத்தனமாக எடுத்த அட்டை ராத்திரியில் அங்கே போய், அந்த நாட்டுச் சரக்காகிக் கப்பலேறுகிறது. தடை வர்த்தகத்தை நிறுத்தவில்லை. விலையை ஏற்றி, கடத்தல்காரன் கையில் கொடுத்து, குளியாளின் கூலியைக் குறைத்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெள்ளை அட்டைக் குஞ்சை உலகத்திலேயே முதல்முறையாகப் பொரிக்கவைத்தது 1988இல், இதே தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில். டி. பி. ஜேம்ஸ் என்கிற விஞ்ஞானி செய்த காரியம். அந்த வித்தை வியட்நாமுக்கும் மடகாஸ்கருக்கும் போய்ச் சேர்ந்தது. திரேஸ்புரம் தாண்டவில்லை.

எனக்கு ஒப்பந்தங்கள் மேல் வெறுப்பு இல்லை. 1992 உயிரியப் பன்மய ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவில், பாதுகாப்போடு பொருந்திப்போகும் மரபான பயன்பாட்டைக் காக்க வேண்டும் என்று இருக்கிறது. இந்தியா 1994இல் அதை ஏற்றுக்கொண்டது. உலக வர்த்தக நிறுவனத்தில் மீன்பிடி மானியத்தை வெட்டப் பேச்சு நடந்தபோது, சிறு மீனவருக்காக என்று சொல்லி 25 வருஷ அவகாசம் கேட்டதும் இந்தியாதான். அட்டை குளிக்கிற சிறு மீனவனுக்கு 25 நாள் கொடுக்கவில்லை. ஆகவே கேட்பது புதிதாக ஒன்றுமில்லை, ஜெனிவாவில் கேட்டதைத்தான்: எல்லா அட்டையும் என்பதை எடுத்துவிட்டு வகை வகையாகப் பார், அளவும் பருவமும் வை, குஞ்சு பொரித்துக் கடலில் விடும் வேலையைக் குளியாளிடம் கொடு, கையால் எடுத்தவன் மேல் உள்ள வழக்குகளைக் கைவிடு.

இதையெல்லாம் எழுதி முடித்துப் பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். மராகேஷ், தோஹா எல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அந்த ஜெனிவால நம்ம கவர்மெண்டுக்குப் பேச எடம் குடுத்தாவளா?" என்றார். கொடுத்தார்கள் என்றேன். "உக்கார நாற்காலி?" அதுவும் கொடுத்தார்கள் என்றேன். கொஞ்சநேரம் ஆற்றுமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நீ எழுதிக் கேளு. அட்டையப் பத்திக் கூட்டம் போடுதான்னா தூத்துக்குடி ஓட்டல்ல வேண்டாம், இங்க போடச் சொல்லு. காலையிலயும் வேண்டாம். வல்லம் கர வந்தப்பெறவு."