டோலி தூக்கிய பாதை

கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். ஒரே மூச்சில் ஏறி விடலாம். சிதம்பரத்துக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. கோபுரந்தான் மலை!

அதனாலோ என்னவோ, வெயில் கொளுத்தினால் இந்த இரண்டு ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கோடைக்கானல் புறப்படுகிறார்கள். பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஜன்னல் ஓரம் இருப்பவருக்குக் கொஞ்சம் தலை சுற்றுகிறது. அவ்வளவுதான் கஷ்டம்.

1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே முதன்முதலாக வீடு கட்டினார்கள். அப்போது பஸ் ஏது, ரோடு ஏது? மேஜர் லா பெயரால் வழங்கும் மலைச்சாலையில் வண்டி ஓட அதற்குப் பிறகு ஏறக்குறைய 70 வருடம் ஆயிற்று.

அதுவரை எப்படிப் போனார்கள்?

பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் செண்பகனூருக்குச் செங்குத்தான மலைப்பாதை. சுமார் 12 மைலும் ஏற்றம்! திடமானவர்கள் நடந்தார்கள், குதிரையில் போனார்கள். மற்றவர்கள் டோலியில் உட்கார்ந்தார்கள். பெட்டி, படுக்கை எல்லாம் தலைச்சுமைதான்.

சுமந்தவர்கள் ஏழைகள். பாதைக்குப் பெயரே 'கூலி காட்'. ரோடு போட்ட துரையின் பெயர் நிலைத்தது. தோள் கொடுத்தவர்களுக்குக் 'கூலி' என்ற சொல்தான் மிஞ்சியது!

மோட்டார் வந்தது. பாதையைக் காடு மூடியது. பழனி மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013-ல் வனவிலங்கு சரணாலயமும் ஆகி விட்டது.

இந்தப் பாதையை அப்படியே காப்பாற்ற வேண்டும். தார் போடக் கூடாது. ஓட்டல் கட்டக் கூடாது. வனத்துறை அனுமதியோடு, சிறு சிறு கூட்டமாக நடக்க விடலாம். அடிவாரத்து ஊர்ப் பிள்ளைகளே வழிகாட்டட்டும். நியாயமான சம்பளம் கொடுக்கட்டும்.

அதற்காக, மலை கிராமங்களுக்கு ரோடே வேண்டாம் என்று யாரும் கிளம்பி விடாதீர்கள்! பக்கத்து மலையில் வெள்ளகவி ஊரார், ரோடு இல்லாததால் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். பத்திரிகைகளில் அது பல தடவை வந்த செய்தி. நமக்கு மலை ஏறுவது பொழுதுபோக்கு. பிரசவ வலியில் துடிப்பவளுக்கு அப்படியா?

செண்பகனூரில், பாதை முடியும் இடத்தில் ஒரு கல் நடலாம். தமிழிலேயே எழுதட்டும். 'கூலி' என்று வேண்டாம். 'சுமந்தவர்கள் பாதை' என்று இருக்கட்டும்.