பைசருக்குக் காத்திருந்த பிள்ளைகள்



2021 செப்டெம்பரில் இலங்கையில் இருபதுகளில் உள்ளோருக்கு சினோபார்ம் கொவிட் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியபோது, கொழுந்து பறிக்கும் தாய்மார் பலர் ஊசி போட்டு முடித்திருந்தார்கள். தயங்கியது கம்பஸ் பிள்ளைகளில் சிலர்தான்! வெளிநாடு போக பைசர் தடுப்பூசியே உதவும் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் மே மாதமே அனுமதித்த சினோபார்மைப் பல ஐரோப்பிய நாடுகள் அப்போது ஏற்கவில்லை.

ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்ற வட்ஸ்அப் வதந்தி வேறு வகை. அதையும் அறியாமை என்று சிரித்து ஒதுக்க முடியாது. தோட்டப் பெண்கள் கருத்தடைக்கு நெருக்கப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டு மலையகத்தில் பழையது. லயத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் இந்தப் பயத்தைப் பற்றி மாணவரோடு தமிழிலேயே பேச வேண்டும், அடுத்த தொற்று வருமுன்.

வாசகர்,
பசறை.