நிர்வாகக் குழுவா, உரிமையாளரின் குடும்பச் சபையா?

பி.எட். கல்லூரி ஒவ்வொன்றுக்கும் நிர்வாகக் குழு வேண்டும் என்கின்றன தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். அறக்கட்டளை உறுப்பினர்கள், கல்வியாளர்கள், பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி, ஊழியர் பிரதிநிதி ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும். கேட்பதற்கு ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாநில அரசின் விதி இல்லாத இடத்தில் நிறுவனமே குழுவை அமைத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் அங்கேயே உண்டு. ஊழியர் பிரதிநிதியைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதலாளி கைகாட்டுபவரே பிரதிநிதி. கட்டணம் செலுத்தும் மாணவருக்கோ நாற்காலியே கிடையாது.

இந்த ஏற்பாட்டின் விளைவைப் பயிற்சி மாணவர்கள் நன்கறிவர். ஆய்வு நாளில் மட்டும் பேராசிரியர்கள் தோன்றுகின்றனர். வகுப்புக்கு வராதவருக்கும் வருகைப் பதிவு விலைக்குக் கிடைக்கிறது. 20 வாரப் பள்ளிப் பயிற்சி காகிதத்தில் முடிந்துவிடுகிறது. இவற்றைத் தட்டிக்கேட்க வேண்டிய குழுவின் கூட்டக் குறிப்பேட்டில் கையொப்பங்கள் மட்டும் ஒழுங்காக இருக்கும்!

மேலிருந்து கண்காணிப்பவையும் குழுக்களே. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகாரம் வழங்குவதும் பறிப்பதும் நான்கு மண்டலக் குழுக்களின் அதிகாரம். அவற்றில் மாநிலத்துக்கு ஒரு பிரதிநிதி மட்டுமே. மகாராஷ்டிரக் கல்லூரிகளின் அங்கீகாரம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை அளித்தது. ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு தனியார் கையில் இருப்பதை அது சுட்டிக்காட்டியது.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தனித்த கல்லூரிகளில் பெரும்பான்மையானவை பட்டங்களை விலைக்கு விற்பதாக, அந்த ஆணையத்தை மேற்கோள் காட்டி 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தை மாற்றி எழுதும் தந்திரம் இது. ஆசிரியர் கல்வியில் அரசு முதலீட்டை உயர்த்த வேண்டும், குறிப்பாகப் பின்தங்கிய மாநிலங்களில் நிறுவனங்களைத் தொடங்க வேண்டும் என்று அதே ஆணையம் பரிந்துரைத்தது. அதை ஆட்சியாளர்கள் உரக்கச் சொல்வதில்லை. மாறாக, 2030க்குள் தனித்த கல்லூரிகள் பல்துறை நிறுவனங்களாக வேண்டும் என்கிறார்கள். சிறு வியாபாரி வெளியேறுவார். பெரும் தனியார் பல்கலைக்கழக முதலாளி உள்ளே வருவார். வேலையிழக்கும் பேராசிரியர்களைப் பற்றி யாருக்குக் கவலை?

நிர்வாகக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர், மாணவர் பிரதிநிதிகள் அமர வேண்டும். கூட்டக் குறிப்புகளும் ஊதியப் பட்டியலும் ஆய்வறிக்கையும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். அங்கீகாரத்தில் மாநிலங்களுக்கு உரிய அதிகாரம் வேண்டும். மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் காலிப் பணியிடங்களை நிரப்பும் போராட்டத்தை ஆசிரியர், மாணவர் அமைப்புகள் இணைந்தே நடத்த வேண்டியுள்ளது.