ஒரே ரயில், இரண்டு டிக்கெட்

மாலையில் சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை பக்கம் கிளம்பும் எக்ஸ்பிரஸ் ஒன்றின் முன்பதிவுப் பெட்டியில் ஏறிப் பாருங்கள். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான்கு பேர் இருப்பார்கள். நடைவழி நெடுக, தோளில் பையோடு நிற்பவர்கள். "இது என் சீட்டுங்க" என்று ஒருவர் கைபேசியை நீட்டுவார். "அரக்கோணத்துல இறங்கிடுவேன் சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பார் உட்கார்ந்திருப்பவர். பெரம்பூர் தாண்டுவதற்குள் குரல்கள் உயர்ந்துவிடும். இந்தத் தடத்தில் நெடுநாளாகப் போய்வருகிறேன். இந்தச் சண்டையில் யார் பக்கம் தப்பு என்று ஒருவரையும் என்னால் கை காட்ட முடியவில்லை.

சீட்டு கேட்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை முழுதாக இருக்கிறது. பல நாள் முன்பே திட்டமிட்டு, முன்பதிவுக் கட்டணமும் கட்டியிருக்கிறார். வயதான அம்மாவை வேலூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறவராக இருக்கலாம். கைக்குழந்தையோடு வந்திருக்கலாம். எழுந்திருக்கத் தயங்குபவரோ விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, பாரிமுனையிலோ அம்பத்தூரிலோ நாள் முழுக்க உழைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு சேரப்போகிறவர். பையில் சீசன் டிக்கெட் இருக்கிறது. அவரும் காசு கொடுத்துத்தான் பயணம் செய்கிறார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155ஆவது பிரிவுப்படி, இன்னொருவருக்கு ஒதுக்கிய இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுப்பவரை அப்புறப்படுத்தலாம், அபராதமும் விதிக்கலாம். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏற வருகிறவரைத் தடுப்பதும் குற்றம். ஆனால் பொதுப் பெட்டியின் படிக்கட்டிலேயே ஆட்கள் தொங்கும்போது, யாரும் தடுக்காமலேயே வழி அடைபட்டுவிடுகிறது. அப்போது பக்கத்துப் பெட்டியில் கால் வைப்பதைத் தவிர சீசன் டிக்கெட்காரருக்கு வேறு வழி ஏது?

சிக்கலின் வேர் கணக்கில் இருக்கிறது. முன்பதிவு டிக்கெட்டுக்கு எண்ணிக்கை உண்டு. இருக்கை தீர்ந்தால் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடும். சீசன் டிக்கெட்டுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. 150 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமாக இருந்தால் போதும், எத்தனை பேர் கேட்டாலும் கிடைக்கும். சென்னையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் உள்ள காட்பாடி அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த டிக்கெட்டில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் என்பது இருக்கும். எந்த ரயில் என்பது இருக்காது. எந்த இருக்கையில் யார் என்று பெயர், வயதோடு அறிந்துவைத்திருக்கும் ரயில்வேக்கு, ஆறு மணி ரயிலுக்காக நடைமேடையில் எத்தனை சீசன் பயணிகள் நிற்கிறார்கள் என்பது டிக்கெட்டை வைத்துத் தெரியாது.

"அவர்களும் முன்பதிவு செய்யட்டுமே" என்று சிலர் சொல்கிறார்கள். கொரோனாக் காலத்தில் அதைச் செய்து பார்த்தாயிற்று. 2020இல் ரயில்கள் சிறப்பு ரயில்களாகத் திரும்ப ஓடத் தொடங்கியபோது, பொதுப் பெட்டிகளுக்கும் முன்பதிவு கட்டாயம் ஆனது. பல எக்ஸ்பிரஸ்களில் பொதுப் பெட்டிகள் பழைய நிலைக்குத் திரும்ப 2022 ஆகிவிட்டது. அதுவரை தினமும் போகும்போது ஒரு டிக்கெட், வரும்போது ஒரு டிக்கெட், இரண்டுக்கும் தனித்தனியாக 15 ரூபாய் முன்பதிவுக் கட்டணம். மாத சீசனோ ஏறத்தாழ 15 ஒருவழிப் பயணங்களின் கட்டணம்தான். 2014 ஜூனில் அதை 30 பயணங்களின் கட்டணமாக உயர்த்துவதாக அறிவித்தபோது, எதிர்ப்பைக் கண்டு சில நாள்களிலேயே திரும்பப் பெற்றார்கள். மாதச் சம்பளத்தில் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது அப்போதே புரிந்திருக்கும். பணத்தை விட்டாலும், ஷிப்ட் எப்போது முடியும் என்று அன்று காலைவரை தெரியாதவர் எந்த ரயிலுக்கு முன்பதிவு செய்வார்?

மின்சார ரயிலில் போகலாமே என்றும் கேட்கிறார்கள். எல்லா நிலையத்திலும் நின்று போகும் ரயில் அரக்கோணம் சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. எக்ஸ்பிரஸுக்கு ஒரு மணி நேரம் போதும். வாலாஜா ரோடும் காட்பாடியும் அதற்கும் அப்பால். தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று சேமிக்கும் நேரத்தில்தான் வீட்டுச் சமையலும் பிள்ளைகளின் பாடமும் நடக்கின்றன.

வழிகள் ரயில்வேயின் கையிலேயே இருக்கின்றன. நெடுந்தூர ரயில்கள் சிலவற்றின் படுக்கைப் பெட்டிகளைப் பகலில், குறிப்பிட்ட நிலையங்களுக்கு இடையே முன்பதிவு நீக்கிய பெட்டிகளாகக் குறுந்தூரப் பயணிகளுக்குத் திறந்துவிடும் வழக்கம் தெற்கு ரயில்வேயில் ஏற்கெனவே உண்டு. காலையும் மாலையும் வேலைக்குப் போகிறவர்கள் நம்பியிருக்கும் ரயில்களுக்கு அதை விரிவாக்கலாம். அந்த ரயில்களில் பொதுப் பெட்டிகளைக் கூட்டலாம். பெண்களுக்குப் பாதிப் பெட்டி ஒதுக்கும் இடங்களில் முழுப் பெட்டி தரலாம். சீசன் டிக்கெட் வாங்கும்போதே, வழக்கமாக எந்த ரயிலில் போவீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். எந்த ரயிலுக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்ற கணக்கு ஒரே மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

இவை நடக்காதவரை, பரிசோதகரும் காவலரும் வந்து ஒருவரை எழுப்பிவிட்டால் அன்றைய தகராறுதான் தீரும். மறுநாள் அதே ரயிலில், அதே பெட்டியில் வேறு இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். சீட்டுக்கு உரியவருக்குச் சீட்டு கிடைத்தே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சீசன் டிக்கெட்டை விற்ற ரயில்வே, அந்த மனிதரை எழுந்திருக்கச் சொல்லும்போது, அதே ரயிலில் அவர் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.